ஆங்கிலோ சாக்ஸன் ஆசாரிகள்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 41ஆம் எண் அறையில் ஒரு தங்க பெல்ட் பக்கிள் இருக்கிறது. எடை 412 கிராம். நம் கணக்கில் 51 சவரனுக்குக் கொஞ்சம் மேல். நீளம் 13 சென்டிமீட்டர். மேல்பரப்பு முழுவதும் பாம்புகளும் பறவைகளும் நாலுகால் பிராணிகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பின்னிக் கிடக்கின்றன. மொத்தம் பதின்மூன்று உருவங்கள் என்று எண்ணிச் சொல்கிறார்கள். எனக்கு எட்டுக்கு மேல் பிடிபடவில்லை. உடன் வந்த மகன் பத்து வரை போனான்.

வங்கியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் நகைக் கடன் இருக்கும் கிளைகளில்தான். அதனால் தங்கத்தைப் பார்த்தால் முதலில் எடைதான் மனதில் ஓடும். நகைக் கடனில் கணக்கு எளிமையானது. மொத்த எடை போடு, கல், அரக்கு, அழுக்கு எடையைக் கழி, மிச்சத்துக்கு மாற்றுப் பார்த்து விலை போடு. வேலைப்பாட்டுக்கு ஒரு பைசா கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டி காலத்து ராக்கொடியும் போன மாதம் கடையில் வாங்கிய மொட்டை வளையலும் தராசில் ஒன்றுதான். உலக சரித்திரத்தில் பெரும்பாலான நகைகளுக்கு நேர்ந்த கதியும் இதுவே. மதிப்புப் போட்டவன் தங்கத்தை எடுத்துக்கொண்டான், வேலைப்பாடு உலையில் போயிற்று. ஆங்கிலோ சாக்ஸன்களின் கைவேலையில் இன்று நாம் பார்க்க முடிவதெல்லாம் எப்படியோ அந்தத் தராசுக்குத் தப்பிய சாமான்கள்தான்.

யார் இந்த ஆங்கிலோ சாக்ஸன்கள் என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கி.பி. 410 வாக்கில் ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டு விலகியது. அதன்பின் வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து ஆங்கிள், சாக்ஸன், ஜூட் இனத்தார் கடல் தாண்டி வந்து குடியேறினார்கள். இங்கிலாந்து என்ற பெயரும் ஆங்கில மொழியும் இவர்கள் கொண்டுவந்தவை. 1066இல் நார்மண்டியின் வில்லியம் வந்து ஜெயிக்கும் வரை, ஆறு நூற்றாண்டுக்கு மேல் இவர்கள் காலம். நாங்கள் படித்த சரித்திரப் பாடத்தில் அதன் முற்பகுதிக்கு "இருண்ட காலம்" என்று பெயர். எழுத்துச் சான்று குறைவு என்பதால் வந்த பெயர் அது. பக்கிளைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள்.

அந்த பக்கிள் கிடைத்த இடம் இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் உள்ள சட்டன் ஹூ. நிலத்தின் சொந்தக்காரர் ஈடித் பிரெட்டி என்ற அம்மையார், கணவரை இழந்தவர். தம் நிலத்தில் இருந்த மண்மேடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, பேசில் பிரவுன் என்பவரை வாரம் 30 ஷில்லிங் சம்பளத்துக்கு அமர்த்தினார். பிரவுன் பட்டம் எதுவும் வாங்காதவர், தானாகவே கற்றுக்கொண்டவர். 1939 கோடையில் அவர் பெரிய மேட்டைத் தோண்டியபோது வரிசை வரிசையாக இரும்பு ஆணிகள் வந்தன. 27 மீட்டர் நீளக் கப்பல் ஒன்றை அப்படியே புதைத்திருந்தார்கள். மரம் எப்போதோ மக்கிப் போய்விட்டது. மணலில் அதன் அச்சு மட்டும் ஆணிகளோடு நின்றது. நடுவில் ஒரு அறை, அதற்குள் ஒரு ராஜாவுக்கு வேண்டிய அத்தனை சாமானும். உடல் இல்லை. அமில மண் அதைத் தின்றுவிட்டது. கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் ரேட்வால்டாக இருக்கலாம் என்பது பலருடைய கணிப்பு. அவன் இறந்தது 625 வாக்கில்.

ஆகஸ்டில் விசாரணை நடந்து, புதையல் முழுவதும் பிரெட்டி அம்மாளுக்கே சொந்தம் என்று முடிவாயிற்று. அவர் அத்தனையையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார். செப்டம்பர் 3ஆம் தேதி யுத்தம் அறிவித்தாயிற்று. பதின்மூன்று நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்த பொருள்கள், குண்டுக்குப் பயந்து திரும்பவும் மண்ணுக்குள், லண்டன் பாதாள ரயிலின் சுரங்கத்துக்குள் போயின. (இந்த அகழாய்வை வைத்து 2021இல் "தி டிக்" என்று ஒரு படம் வந்தது. கதைக்காகச் சிலதைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனாலும் பார்க்கலாம்.)

பக்கிளின் பக்கத்தில் ஒரு ஜோடி தோள் கொக்கிகள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் பக்கிளைவிட அவைதான் உசத்தி. தகட்டின் மேல் மெல்லிய தங்கப் பட்டைகளை நிற்கவைத்து, சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து, ஒவ்வொரு அறைக்கும் அளவாகக் கார்னெட் என்னும் சிவப்புக் கல்லை அறுத்துப் பதித்திருக்கிறார்கள். அறைகள் சதுரம் இல்லை. படிக்கட்டு போன்ற விளிம்பு, காளான் போன்ற வடிவம். கார்னெட் எளிதில் சிதறும் கல். அதை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, படிக்கட்டு விளிம்பு வைத்து, பக்கத்துக் கல்லோடு மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருத்துவது சாதாரண வேலையா?

கல்லுக்கு அடியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கனமில்லாத சிவப்புக் கல்லை வெறுமனே பதித்தால் கறுத்துத் தெரியும். அதனால் அடியில் ஒரு தங்க ரேக்கு வைத்தார்கள். அந்த ரேக்கில் குறுக்கும் நெடுக்குமாக, கண்ணுக்குத் தெரிவது கஷ்டம் என்னும் அளவுக்கு நெருக்கமாக, அச்சுக் கட்டம் போட்டிருக்கிறார்கள். உள்ளே போகும் வெளிச்சம் அந்தக் கட்டங்களில் பட்டுச் சிதறித் திரும்பி வரும். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியபோது கல் கனல் மாதிரி மினுங்கியது. அரண்மனைக் கூடத்தில் இருந்ததெல்லாம் அடுப்புத் தீயும் விளக்கும்தான். ஆடும் வெளிச்சத்தில் இது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே புதையலில் வந்த தலைக்கவசம் 500க்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்தது. இரண்டு முறை ஒட்டிப் பார்த்தார்கள். 1971இல் முடிந்த இரண்டாவது வடிவம்தான் இப்போது இருப்பது. அதன் புருவங்களிலும் கார்னெட் வரிசை உண்டு. ஒரு புருவத்தில் கல்லுக்கு அடியில் ரேக்கு இருக்கிறது, மற்றதில் இல்லை. தீ வெளிச்சத்தில் ஒரு கண் எரியும், ஒரு கண் இருண்டிருக்கும். அவர்களுடைய பெருந்தெய்வமான வோடன் ஒற்றைக்கண்ணன். வேண்டுமென்றே செய்ததுதான் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இவ்வளவு கணக்காக வேலை செய்கிறவன் ஒரு பக்கம் ரேக்கு வைக்க மறப்பானா?

இந்தக் கல் எங்கிருந்து போயிற்று என்பது நமக்குச் சுவாரசியமான விஷயம். அக்கால ஐரோப்பிய நகைகளின் கார்னெட்டை ரசாயன முறையில் சோதித்ததில், பல கற்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்தது. ஏழாம் நூற்றாண்டு வாக்கில் கீழ்நாட்டுச் சரக்கு குறைந்து, செக் நாட்டின் பொஹீமியாவில் கிடைத்த சிறு கற்கள் அதிகமாயின. நவரத்தினத்தில் நாம் வைக்கும் கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான், நிறம்தான் வேறு. கடலிலும் ஒட்டகத்திலுமாக எத்தனை கை மாறி அந்தக் கல் வட கடல் ஓரத்துக்குப் போயிருக்கும்! போகிற போக்கில் இன்னொன்று. 883இல் ஆல்ஃப்ரட் ராஜா, இந்தியாவில் உள்ள புனித தோமையாருக்குக் காணிக்கை அனுப்பினார் என்று ஆங்கிலோ சாக்ஸன் ஆண்டுக்குறிப்பில் இருக்கிறது. மயிலாப்பூருக்கு ஆள் வந்தது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். "யூதேயா" என்பதைப் பிரதி எடுத்தவன் "இந்தியா" என்று எழுதிவிட்டான் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு.

சட்டன் ஹூவில் எல்லாம் முழுசாக, மரியாதையாகப் புதைக்கப்பட்டவை. ஸ்டாஃபர்ட்ஷயர் புதையல் அப்படியில்லை. 2009 ஜூலையில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு வயலில் நடந்த ஒருவருக்குக் கிடைத்தது. உழுத நிலத்தில், அதிக ஆழமில்லாமல், கிட்டத்தட்ட 4 கிலோ தங்கம். 500 சவரன்! அதோடு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வெள்ளியும், ஆயிரக்கணக்கில் கார்னெட்டும். அரசாங்கம் மதிப்புப் போட்டது 32,85,000 பவுண்டு. கண்டெடுத்தவரும் நிலச் சொந்தக்காரரும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டார்கள்.

பெண்கள் அணியும் நகை அதில் இல்லை. வாள் பிடியின் குமிழ்கள் மட்டும் எழுபதுக்கு மேல். வாளின் இரும்பு அலகு ஒன்றுகூடக் கிடையாது. பிடியிலிருந்த தங்கத்தை நெம்பி, கிழித்து, முறித்து எடுத்திருக்கிறார்கள். ஒரு சிலுவையை மடக்கி நசுக்கி வைத்திருக்கிறார்கள். அடகுக் கடையின் உருக்கு மூட்டையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. ஏலத்தில் போன நகைகளை மொத்தமாக வாங்கும் வியாபாரி, கல்லைத் தட்டி உதிர்த்துவிட்டு, சங்கிலியை நசுக்கிப் பொட்டலம் கட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். தோற்றவர்களின் வாள்களிலிருந்து பிடுங்கிய தங்கம் உலைக்குப் போகும் வழியில், ஏதோ காரணத்தால், 650க்கும் 675க்கும் இடைப்பட்ட காலத்தில் மண்ணுக்குள் போயிற்று. புதைத்தவன் திரும்பி வரவில்லை. வந்திருந்தால் இன்று ஒரு குமிழ்கூட நமக்குக் கிடையாது.

இதை ஆராய்ந்தபோது தெரிந்த ஒரு சங்கதி என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. தகடுகளின் மேல்பரப்பில் உள்ள தங்கம் உள்ளே இருப்பதைவிட மாற்று உயர்ந்தது! மேல்பூச்சு இல்லை. மேல்தோலிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடுத்து, அந்தத் தோல் மட்டும் சுத்தத் தங்கமாக நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஏமாற்றுவதற்காக அவர்கள் செய்ததாகத் தோன்றவில்லை. மஞ்சள் தூக்கலான தகட்டின் மேல் கொஞ்சம் வெளிறிய கம்பி வேலையை வைத்தால் கம்பி எடுப்பாகத் தெரியும், அதற்குத்தான். ஆனால் எங்கள் மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து அமிலம் விட்டிருந்தால் மேல்தோலைப் பார்த்து ஏமாந்திருப்பார். அதனால்தான் சந்தேகம் வந்தால் ஓரத்தில் லேசாக அராவி உள்ளே பார்ப்பது.

அந்தத் தங்கமே பழைய தங்கம்தான். பைசாந்தியத்திலும் பிரான்ஸ் பக்கத்து பிராங்கு நாட்டிலும் அடித்த காசுகள் உருகி நகையாயின. நகை உருகி மறுபடி வேறொன்றாயிற்று. இந்த ஓட்டத்தில் எடைக்குப் போகாமல் தப்பியவற்றில் ஃபுல்லர் ப்ரோச் என்ற வெள்ளி வில்லையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது. நடுவில் அகலக் கண்ணோடு பார்வை, சுற்றிலும் சுவை, மணம், தொடுகை, கேள்வி என ஐம்புலன்களும் ஐந்து ஆட்களாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கீறல் இல்லாமல் அவ்வளவு நன்றாக இருந்ததே அதற்கு வினையாயிற்று. போலி என்று நிபுணர்கள் ஒதுக்கிவிட்டார்கள். ஃபுல்லர் என்ற கேப்டன் அதை வெள்ளி எடைக்கு வாங்கினார். பிறகு அதன் கறுப்புக் கலவையைச் சோதித்ததில் அசல் என்று நிரூபணமாயிற்று. 1952இல் தன் பெயரை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மியூசியத்துக்குக் கொடுத்தார்.

செய்தவன் பெயர் தெரியாது. பெரும்பாலும் அப்படித்தான். லிங்கன்ஷயரில் டாட்டர்ஷல் தார்ப் என்ற ஊரில் ஏழாம் நூற்றாண்டுக் கொல்லன் ஒருவனைச் சுத்தியல், இடுக்கி, பட்டறைக்கல், கத்தரியோடு புதைத்திருந்தார்கள். கார்னெட் துண்டுகளும் கிடைத்தன. பெயர் மட்டும் இல்லை. ஆனால் அவர்களை மட்டமாக நினைத்ததாகத் தெரியவில்லை. வெஸ்ஸெக்ஸ் அரசன் ஐனின் சட்டத்தில், ஒரு பிரபு ஊரை விட்டுக் குடிபெயரும்போது மூன்று பேரைத் தன்னோடு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறது. காரியஸ்தன், கொல்லன், பிள்ளை வளர்க்கும் தாதி.

திமிங்கில எலும்பில் செதுக்கிய ஃபிராங்ஸ் பெட்டியிலும் ஒரு கொல்லன் இருக்கிறான். முன்பக்கத்தின் இடது பாதியில் வேலண்ட், அவர்கள் புராணத்துக் கொல்லன். ஓடிப்போகாதபடி அரசன் கால் நரம்பை அறுத்து முடமாக்கிப் பட்டறையில் அடைத்து வைத்தவன். வலது பாதியில் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ஞானிகள். பழைய சாமியும் புதிய சாமியும் ஒரே பலகையில், சண்டை இல்லாமல்! இந்தப் பெட்டி பிரான்ஸில் ஓசோன் என்ற ஊரில் ஒரு குடும்பத்தின் தையல் சாமான் பெட்டியாக இருந்தது. வெள்ளிக் கீல்களைக் கழற்றி எடுத்தபோது பலகைகள் தனித்தனியாக விழுந்துவிட்டன. எலும்புக்கு யார் விலை கொடுப்பார்கள்? அதனால் அது மிஞ்சியது.

லிண்டிஸ்பார்ன் சுவிசேஷ நூலும் இதே கதைதான். 700ஐ ஒட்டி, வட கடல் தீவு மடம் ஒன்றில், கன்றுத்தோலில் எழுதியது. எழுதி ஓவியம் தீட்டியவர் ஆயர் ஈட்ஃபிரித். கம்பளம் விரித்தது போல் பக்கம் முழுக்கப் பின்னல். உற்றுப் பார்த்தால் பக்கிளில் இருந்த அதே பறவைகளும் அதே பிராணிகளும்! தட்டார் வேலையைத் தூரிகைக்கு மாற்றியிருக்கிறார். தாளின் பின்பக்கம் ஈய முனையால் கட்டம் போட்டுத் திட்டமிட்ட தடங்கள் இன்னும் தெரிகின்றன. அந்த நீலம் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் கல் என்று வெகுகாலம் நம்பினார்கள். சோதித்ததில் செடியிலிருந்து எடுத்த அவுரி வகை நீலம் என்று தெரிந்தது. உள்ளூர்ச் சரக்கை வைத்தே அந்த மனிதர் ஜாலம் காட்டியிருக்கிறார்.

பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரட் என்ற பாதிரியார் லத்தீன் வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தில் பொருள் எழுதிவிட்டு, கடைசியில் உழைத்தவர்களின் பெயரைக் குறித்து வைத்தார். எழுதியவர் ஈட்ஃபிரித், கட்டியவர் ஈதில்வால்ட், மேலட்டைக்குத் தங்கம், கல், வெள்ளி வேலை செய்தவர் பில்ஃபிரித் என்ற துறவி. ஒரு ஆசாரியின் பெயர் கிடைத்தது. அவர் செய்த அட்டை போய்விட்டது. இப்போது இருப்பது 1853இல் செய்த அட்டை.

தையல் வேலைக்கு வருகிறேன். ஆங்கிலேயப் பெண்களின் தங்க இழைத் தையலை அவர்களை ஜெயித்த நார்மன் தரப்பு எழுத்தாளரே புகழ்ந்திருக்கிறார். மிஞ்சியது சொற்பம். பழைய ஜரிகைப் புடவையை எரித்து வெள்ளி எடுப்பது நமக்குத் தெரியும், அங்கும் தங்க இழை ஆடைகளை எரித்துச் சாம்பலிலிருந்து தங்கத்தைப் பிரித்தார்கள். தப்பியவற்றில் மிகச் சிறந்தது புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியில் இருந்த தோள்பட்டைத் துணி. ராணி ஆல்ஃப்ளேட் சொல்லி 909க்கும் 916க்கும் நடுவில் தைத்தது. எட்டாம் ஹென்றியின் ஆட்கள் டர்ஹாமில் கத்பர்ட்டின் சமாதியை உரித்து எடுத்தபோதும் பெட்டிக்குள் இருந்தது தெரியாமல் தப்பியது. 1827இல் திறந்தபோது துணியும், உடைக்குள் மறைந்திருந்த கார்னெட் சிலுவையும் வெளியே வந்தன. பேயோ தோரணத் துணியோ கிட்டத்தட்ட 70 மீட்டர். அதுவும் ஆங்கிலப் பெண்கள் கைவேலை என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். லினன் துணியில் கம்பளி நூல், ஒரு குண்டுமணித் தங்கம் கிடையாது. அது இன்றுவரை முழுசாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

பெயர் தெரிந்த ஆசாரிகளில் ஒருவர் சரியான ஆள். ஸ்பேர்ஹாவக், அபிங்டன் மடத்துத் தலைவர், கைதேர்ந்த பொற்கொல்லர். எட்வர்ட் அரசர் தமக்குக் கிரீடம் செய்யத் தங்கமும் கல்லும் கொடுத்து, 1051இல் லண்டன் ஆயர் பதவியும் கொடுத்தார். பேராயர் அவருக்குப் பட்டம் கட்ட மறுத்தார். ஸ்பேர்ஹாவக் கிரீடத் தங்கத்தோடு மறைந்தவர்தான், பிறகு யாரும் பார்க்கவில்லை.

பெண்கள் பெயர் இரண்டு, 1086இல் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கில் இருக்கிறது. பேரேட்டில் ஊறியவன் என்பதால் இந்தப் பதிவுகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வில்ட்ஷயரில் லியோஃப்கித், அரசருக்கும் அரசிக்கும் தங்கக் கரை தைத்தாள், இன்னமும் தைக்கிறாள் என்று குறிப்பு. ஆட்சியே மாறியும் அவள் வேலை மாறவில்லை. பக்கிங்ஹாம்ஷயரில் ஆல்ஃப்கித் என்ற பெண். அந்த ஜில்லாவின் ஷெரிஃப் கோட்ரிக் தன் மகளுக்குத் தங்கத் தையல் சொல்லிக் கொடுப்பதற்காக அவளுக்கு அரை ஹைட் நிலம் கொடுத்தான். ஒரு ஹைட் என்றால் ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் என்பது பழைய கணக்கு. தான் ஷெரிஃபாக இருக்கும் வரைதான் என்று நிபந்தனை. நிலம் அரசருடையது. கணக்கு எடுக்க வந்தபோது அது வேறொருவர் கையில் இருந்தது. மகள் தையல் கற்றுக்கொண்டாளா என்று எழுத அந்தப் பேரேட்டில் காலம் இல்லை.